உயர்த்தப்பட்ட எழுதுகோல்

பிறக்கும் குழந்தை எழுதி முடிக்கப்பட்ட ஏடா, இனிமேல் எழுதப்படவிருக்கும் ஏடா? இக்கேள்வி மிகப் பழையது. பிறவிக் குணம் மாறாது என்பார் ஒரு சாரார். வளர்ப்பே மனிதனை ஆக்குகிறது என்பார் மறு சாரார். இரு சாராரும் தத்தம் கட்சிக்குப் பழமொழிகளைத் திரட்டி வைத்திருக்கின்றனர். நமக்கோ இக்கேள்வி நூல்களின் வழியாக வரவில்லை. ஒரு சிறுவனின் வழியாக வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் மட்டும் 600-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைக்கு அப்பால் வரை கரையோர ஊர்களில் துக்கம் நுழையாத தெரு அரிதாயிற்று. அப்பொழுது நாம் இம்மாவட்டத்து மதரஸா ஒன்றில் திருமறையை மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்தோம். அவர்களுள் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அலையில் தன் பாட்டியாரை இழந்தவன். அவனும் அன்று கரையில்தான் இருந்தான்.

அலைக்கு முன்னர் நாளொன்றுக்கு ஒரு பக்கத்தைப் பிழையின்றி ஒப்புவித்தவன் அவன். அலைக்குப் பின்னர் அரைப் பக்கமும் அவன் நாவில் நிற்கவில்லை. காற்று சற்றுப் பலமாக வீசும் நாள்களில் முந்தின நாள் பாடத்தையும் மறந்து நின்றான். ‘வாயிலே இருக்கிறது ஹஜ்ரத், வரமாட்டேன் என்கிறது’ என்று ஒருநாள் சொன்னான். நாம் அதைச் சோம்பல் என்று கொண்டோம். பிரம்பை எடுத்தோம். நாமும் பிரம்பின் கீழ் ஓதி வந்தவர்களே. நமக்கு அது பழகிய வழியாகத் தெரிந்தது. அடித்த மறுநாள் அவன் முன்னினும் குறைவாகவே ஒப்புவித்தான். நாம் முன்னினும் கூடுதலாக அடித்தோம். சில மாதங்களில் அவன் ஓதுவதை விட்டுப் போய்விட்டான்.

அச்சிறுவனின் நாவைக் கட்டியது எது என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே நமக்கு ஓரளவு விளங்கிற்று. வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே பயின்ற நண்பர் ஒருவரை ஒருமுறை சிதம்பரத்தில் சந்தித்தோம். மனனத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நினைவு எப்படி நிலைக்கிறது என்பதை உலகம் ஒரு கடற்பிராணியிடம் கற்றது என்று அவர் கூறியபோது முதலில் நகைத்தோம். பின்னர் நகைப்பு நின்றது. அவர் சொன்னதைத் தொடர்ந்து நாம் வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எளிய முறையில் எடுத்து வைக்கிறோம்.

நம் உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய அனைத்தும் ஒரே கிதாபை ஏந்தியிருக்கின்றன. தாய் தந்தையரிடமிருந்து வந்த அந்தக் கிதாபுக்கு மரபணுத் தொகுதி என்று பெயர். அதில் புரதங்களை ஆக்கும் பாடங்கள் மட்டும் ஏறத்தாழ 20,000 உண்டு. கல்லீரல் அணுவுக்கும் கண்ணின் அணுவுக்கும் கிதாபு ஒன்றுதான். ஆனால், ஒவ்வொன்றும் திறந்து வாசிக்கும் பக்கங்கள் வேறு. திறக்கப்படாத பக்கம் இருந்தும் இல்லாததற்குச் சமம். எனவே எழுத்து எது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. எந்தப் பக்கம் எப்பொழுது வாசிக்கப்படுகிறது என்பதே உயிரின் போக்கை நடத்துகிறது.

நரம்பணுவில் அந்தப் பக்கங்களைத் திறக்கும் கைகளில் ஒன்று மின்சாரம். ஓய்விலிருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் அளவு எதிர்மின் நிலையில் இருக்கிறது. கண் ஒன்றைக் கண்டாலும், செவி ஒன்றைக் கேட்டாலும், தோலில் ஓர் அடி விழுந்தாலும் அதற்குரிய நரம்பணுக்களில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து அந்நிலையைத் தலைகீழாக்குகின்றன. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் எல்லாம் முடிந்து பழைய நிலை திரும்பிவிடுகிறது. இவ்வளவு விரைவில் தோன்றி மறையும் துடிப்பு எப்படி ஆண்டுக் கணக்கில் நிற்கும் நினைவாகிறது? இதுவே அறிஞர்களைத் திகைக்க வைத்த கேள்வி.

விடையின் ஒரு பகுதி கால்சியத்தில் இருந்தது. நரம்பணுவுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. மின் துடிப்புகள் அடுத்தடுத்து வரும்போது அணுவின் சுவரிலுள்ள சிறு வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே புகுகிறது. நிசப்தமான வீட்டில் மெல்லிய தட்டலும் உரக்கக் கேட்பதுபோல, கால்சியம் மிகக் குறைந்த அந்த இடத்தில் சிறிதளவு புகுந்தாலும் பெரிய செய்தியாகிவிடுகிறது. அச்செய்தி பல புரதங்களின் கை மாறி அணுவின் கருவரை செல்கிறது. அங்கே மரபணு இழையின்மேல் அமர்ந்திருக்கும் ‘கிரெப்’ என்னும் புரதத்தின்மீது ஒரு சிறு பாஸ்பேட் முத்திரை குத்தப்படுகிறது. முத்திரை விழுந்ததும், மூடியிருந்த பக்கங்கள் வாசிக்கப்படத் தொடங்குகின்றன. ‘சி-ஃபாஸ்’ என்னும் மரபணு சில நிமிடங்களிலேயே விழித்துக்கொள்கிறது. அது ஆக்கும் புரதம் வேறு மரபணுக்களை எழுப்புகிறது. அவ்வாறு பிறக்கும் புரதங்களைக் கொண்டு நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் வலுவடைகின்றன. புதிய கிளைகளும் தோன்றுகின்றன. 1980-களின் நடுப்பகுதியில் முதலில் தனித்து வளர்க்கப்பட்ட அணுக்களிலும், 1987-இல் எலிகளின் மூளையிலும் இந்த விழிப்பு கண்டறியப்பட்டது.

நினைவின் பக்கத்தை ஆராய்ந்தவர்களுள் எரிக் கேண்டல் முதன்மையானவர். அவர் தேர்ந்தெடுத்தது கடல் முயல் என்னும் ஓடற்ற நத்தை இனத்தை. அதன் உறவினங்கள் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. மனித மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்க, இப்பிராணிக்கு இருப்பவை ஏறத்தாழ 20,000 மட்டுமே. அவையும் உருவிற் பெரியவை. ஒருமுறை மட்டும் தூண்டினால் அதன் நினைவு குறுகிய நேரமே நின்றது. இடைவெளி விட்டுப் பலமுறை தூண்டியபோது நாள் கணக்கில் நின்றது. புதிய புரதம் உண்டாகாதபடி தடுத்துவிட்டாலோ நீண்ட நினைவு அமையவே இல்லை; குறுகிய நினைவு மட்டும் வந்து போயிற்று. குறுகிய நினைவுக்குக் கிதாபைத் திறக்க வேண்டியதில்லை, நீண்ட நினைவுக்குத் திறந்தே ஆகவேண்டும் என்பது இதனால் தெளிந்தது. இப்பணிக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதைப் படித்ததும் நம் மதரஸாக்களின் பழைய முறை நினைவுக்கு வந்தது. இன்றைய சபக், அண்மையில் ஓதிய பாடம், நெடுநாள் முன் ஓதிய பாடம் என மூன்றையும் நாள்தோறும் இடைவெளி விட்டு ஓதச் செய்தார்கள் நம் முன்னோர். அவர்கள் கால்சியத்தை அறியார், பிள்ளைகளை அறிந்திருந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நப்ஸைப் பயிற்றுவதைப் பற்றிக் கூறுமிடத்தில் எழுத்துக் கலையை உவமை காட்டுகிறார்கள். அழகாக எழுதும் ஆற்றல் வேண்டுவோன் தேர்ந்த எழுத்தாளனின் கை செய்வதை முதலில் முயன்று திரும்பத் திரும்பச் செய்கிறான். முடிவில் முயற்சியாக இருந்தது இயல்பாகிவிடுகிறது. நற்குணமும் அவ்வாறே அமைகிறது என்பது அவர்களின் கருத்து. செயலிலிருந்து உள்ளத்துக்கும், உள்ளத்திலிருந்து செயலுக்கும் ஓயாத போக்குவரத்து இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். விஞ்ஞானம் நாளை தன் சொல்லைத் திருத்திக்கொள்ளக் கூடியது. மாறக்கூடியதன்மேல் மாறாத மறையை ஏற்றி வைப்பது மறைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மேலும், மறை பேசும் கல்பு நெஞ்சிலுள்ள சதைத் துண்டு மட்டும் அன்று என்பதை அதே இமாமவர்களே பிரித்துக் காட்டியுள்ளார்கள். ஆகவே நரம்பணுவே கல்பு என்று நாம் சொல்லவில்லை. நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே: அனுபவம் உடலைத் தொடாமல் காற்றாய்க் கரைந்துபோகிறது என்று இனிச் சொல்வதற்கில்லை. அது எழுதப்படுகிறது. நல்லது மட்டுமன்று, அச்சமும் எழுதப்படுகிறது.

அச்சத்தின் எழுத்தைப் பற்றி நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு உண்டு. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அசையவிடாமல் பத்து நாள்கள் வைத்துப் பார்த்தனர். 2002-இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. புதியவற்றைக் கற்று நினைவில் வைக்கத் துணை செய்யும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்துக்குரிய அமிக்டலா பகுதியில் கிளைகள் பெருகின. வாதுமைப் பருப்பின் வடிவை ஒத்ததால் அப்பெயர். அரபியிலும் அதை ‘லவ்ஸா’, வாதுமை, என்றே வழங்குகின்றனர். கற்கும் இடம் வாட, அஞ்சும் இடம் தழைத்தது.

அதன் பின் 21 நாள்கள் எலிகளுக்குத் தொல்லையற்ற ஓய்வு தரப்பட்டது. கற்கும் இடம் மீண்டது. அஞ்சும் இடமோ பெருகியபடியே நின்றது என 2004-இல் அறிவித்தனர். 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஒரே ஒருமுறை, இரண்டு மணி நேரம் மட்டும் துன்புறுத்தினர். மறுநாள் அமிக்டலாவில் மாற்றம் ஒன்றும் தென்படவில்லை. பத்தாம் நாள் பார்த்தபோது நரம்பணுக் கிளைகளில் புதிய முட்கள், அதாவது புதிய இணைப்புகளுக்கான இடங்கள், கூடியிருந்தன.

எலி மனிதனன்று, இதை மறக்கலாகாது. ஆயினும் அந்தப் பத்தாம் நாளைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டோம். அடித்த மறுநாள் பிள்ளை ஓடியாடுகிறான், சிரிக்கிறான். அடி மறந்துபோயிற்று என்று நாம் நிம்மதி கொள்கிறோம். மறுநாள் தெரியாததால் எழுதப்படவில்லை என்று எப்படிச் சொல்வது? அலையின் அச்சம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த ஏட்டில் பிரம்பால் இன்னொரு வரியை எழுதியிருக்கிறோம். அவன் நாவைக் கட்டியது சோம்பலன்று. அதைக் கட்டியதில் கடலுக்குப் பங்குண்டு. கடலுக்குப் பின் நமக்கும் பங்குண்டு.

இனி நம் தலைப்புக்குரிய கேள்விக்கு வருவோம். நம் செயல்களும் பிறர் நமக்குச் செய்தவையும் நம் உடலில் எழுதப்படுகின்றன என்றால், ஒருவன் தன் குணத்துக்குப் பொறுப்பாளியா? என் நரம்பில் இவ்வாறு எழுதிவிட்டார்கள், நான் என் செய்வேன் என்று ஒவ்வொருவனும் தப்பித்துக்கொள்ளலாமே!

வளர்ந்தவன் அவ்வாறு தப்ப முடியாது. மரபணுவின் எழுத்து அவன் ஈட்டியதன்று. ஆனால், எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்பது அவன் ஈட்டுவது. நம் அகாயிது நூல்கள் ‘கஸ்பு’ என்று கூறும் அந்த ஈட்டலைப் பற்றியே கேள்வி கணக்கு. பாவம் செய்யும்போது உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுவதாகவும், மனம் வருந்தி மீண்டால் அது துடைக்கப்படுவதாகவும், பாவம் தொடர்ந்தால் புள்ளி பெருகி உள்ளத்தையே மூடிவிடுவதாகவும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். முதற்புள்ளி விழுந்ததாலேயே யாரும் கைவிடப்படவில்லை. மீளும் வாயில் திறந்தேயிருக்கிறது. கோபம் என் இயல்பு என்பவன், அந்த இயல்பை எத்தனை ஆயிரம் முறை கோபித்து வளர்த்தான் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

குழந்தையின் நிலை வேறு. உறங்குபவன் விழிக்கும் வரை, சிறுவன் பருவமடையும் வரை, சித்தம் கலங்கியவன் தெளியும் வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நாம் அனைவரும் அறிந்த ஹதீதின் கருத்து. குழந்தையின் குற்றம் ஏட்டில் ஏறாது. நாம் இதை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆனால், அதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்த்ததில்லை. அவன் செயலை எழுதும் கோல் உயர்த்தப்பட்டிருக்கும் அதே ஆண்டுகளில்தான் அவன் நரம்பில் எழுதும் கோல் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கோல் யார் கையில் இருக்கிறது? அவன் கையில் இல்லை. பெற்றோர் கையிலும் உஸ்தாதின் கையிலும் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் தூய இயற்கையில் பிறக்கிறது, பெற்றோரே அதைத் திருப்புகின்றனர் என்னும் பொருளுடைய நபிமொழியும் இங்கேயே வந்து சேர்கிறது.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் உவமை போல் அமைந்துள்ளது. தாய் எலி தன் குட்டிகளை முதல் வாரத்தில் எவ்வளவு நக்கிப் பேணுகிறது என்பதைப் பொறுத்து, மன உளைச்சலைத் தணிக்க உதவும் ஒரு மரபணுவின்மேல் இரசாயனப் பூட்டு கூடவோ குறையவோ செய்தது. பேணாத தாயின் குட்டியைப் பேணும் தாயிடம் மாற்றி வளர்த்தபோது பூட்டும் மாறியது. பெற்ற வயிற்றைவிட வளர்த்த நாவே அங்கே எழுதியது.

‘பத்து வயதில் தொழுகைக்காக அடிக்கச் சொல்லப்பட்டிருக்கிறதே!’ என்று நம் சகாக்கள் கேட்பார்கள். அந்த ஹதீதை நாம் மறுக்கவில்லை. அதற்குச் சட்ட மேதைகள் இட்ட வரம்பையும் உடன் படிக்க வேண்டும் என்கிறோம். ஹனபி நூல்கள் கையால் மட்டும், கோலால் அன்று, மூன்றுக்கு மேற்படாமல் என்று கட்டுப்படுத்தியுள்ளன. காயம் படுத்துவதையும் முகத்தில் அடிப்பதையும் எவரும் அனுமதிக்கவில்லை. மூன்றாண்டுகள் சொல்லால் பழக்கிய பின்னர் வருவது அது. ஒரு வரியைத் தவறவிட்ட பத்து வயதுப் பிள்ளைக்குப் பிரம்பு என்பது அதில் எங்கே இருக்கிறது? பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் ‘சீ’ என்று சொன்னதில்லை என்ற செய்தியையும் அதே ஹதீதுக் கலைதானே நமக்குத் தந்தது!

இப்னு கல்தூன் (ரஹ்) 1377-இல் எழுதிய முகத்திமாவில் மாணவரிடம் கடுமை காட்டுவது தீங்கு விளைவிக்கும் என்பதற்குத் தனி இயலே வகுத்துள்ளார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை ஊக்கத்தை இழக்கிறான். அடிக்கு அஞ்சிப் பொய்யும் நடிப்பும் கற்கிறான். பின்னர் அதுவே அவனுக்கு வழக்கமும் குணமும் ஆகிவிடுகிறது என்பது அவருடைய முடிவு. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய அவர் எலிகளை ஆராயவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்தார்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால், 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மார்க்கக் கல்வியை முதன்மையாகத் தரும் மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. தடையின் அந்த விதி நம் வாசல் வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே நம்மைத் தடுக்க வேண்டியது நம் தக்வாதான். விதி எட்டாத இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதல்லவா நம் மார்க்கத்துக்குச் சாட்சி?

நாம் பிரம்பை எடுப்பதில்லை என்று முடிவு செய்து ஆண்டுகள் பல ஆயின. அதனால் அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. சில பிள்ளைகளின் வேகம் குறைந்தது உண்மை. ஒரே பக்கத்துக்கு இரண்டு நாள்கள் எடுத்தவர்கள் உண்டு. நம் பொறுமைக்கு அது பெரிய சோதனையாகவே இருந்தது. ஆயினும், ஓதிய பாடத்தில் ஐயம் வந்தால் அதை மறைக்காமல் நம்மிடமே கேட்கும் துணிவு பிள்ளைகளுக்கு வந்தது. மறந்ததை ஒளிக்காத பிள்ளைக்கு மறுபடி ஓதிக்கொடுக்கலாம்.

கடலைக் கண்டு அஞ்சியவனின் அச்சத்தை அழிக்க முடியுமா? பழைய அச்சம் தணிவது பெரும்பாலும் அழிப்பதன்று. அதற்கு எதிரான புதிய பாடம் ஒன்றை அதே ஏட்டில் எழுதுவது என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். அந்தப் புதிய பாடமும் திரும்பத் திரும்ப, இடைவெளி விட்டு, பொறுமையோடு எழுதப்பட வேண்டும். கேண்டலின் வாழ்வையே பாருங்கள். 1938 நவம்பரில் வியன்னாவில் நாஜிகள் யூதர் வீடுகளையும் தொழுகை இல்லங்களையும் சூறையாடியபோது அவருக்கு ஒன்பது வயது நிறைந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு குடும்பம் அமெரிக்கா சென்றது. அந்நாள்களின் நினைவே தம்மை நினைவைப் பற்றிய ஆராய்ச்சியின்பால் ஈர்த்தது என்று அவர் பின்னர் கூறினார். அச்சம் எழுதிய ஏட்டிலும் அறிவின் வரிகள் எழுதப்படலாம். அதற்கு அமைதியான ஓரிடமும் அன்பான சில கைகளும் தேவை.

அச்சிறுவனை 2019-இல் கடலூர் முதுநகரில் தற்செயலாகக் கண்டோம். வளர்ந்து, உழைத்துத் தன் குடும்பத்தைப் பேணும் வாலிபனாக இருந்தார். நம்மை அடையாளம் கண்டு மரியாதையோடு ஸலாம் உரைத்தார். முஸாபஹா செய்ய நாம் கையை நீட்டினோம். கை உயர்ந்த அந்தக் கணத்தில் அவருடைய தோள் சிறிது ஒடுங்கிற்று. உடனே சிரித்தபடி தம் இரு கைகளையும் தந்தார். அவர் அதை அறிந்திருக்க மாட்டார். நாம் அறிந்தோம். நம் கையெழுத்து நமக்குத் தெரியாதா? அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ‘எதற்கு ஹஜ்ரத்?’ என்றார். அந்தக் கேள்விக்கு நாம் அன்று அவரிடம் சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

உஸ்தாதுமார்களே, பெற்றோர்களே! நம்மிடம் வந்திருக்கும் பிள்ளையின் கிதாபை எழுதியவன் அல்லாஹ். அதில் எந்தப் பக்கத்தைத் திறக்கச் செய்கிறோம் என்பதில் நம் கைக்கும் பங்கு வைத்திருக்கிறான். எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பது குழந்தையின் மீதிருந்துதான். நம் மீதிருந்து அன்று.